31 யூனிட் இருக்கிறது, இயற்பியல் இன்னும் தொடங்கவில்லை

கேள்வி: தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடித்த கையோடு பெற்றோருடன் கலிஃபோர்னியா வந்தேன். எங்களுக்கு கிரீன் கார்டு இருக்கிறது. ஃப்ரீமான்ட் பக்கம் ஒரு கம்யூனிட்டி காலேஜில் இரண்டு செமஸ்டர் முடிந்துவிட்டது. 31 யூனிட் (முடித்த பாடங்களுக்குக் கிடைக்கும் கிரெடிட்), ஜி.பி.ஏ. (கிரேடுகளின் சராசரி) 3.6. கால்குலஸ் 1-ல் ஏ, கால்குலஸ் 2-ல் பி, இயற்பியல் 2ஏ-வில் ஏ. பொதுக்கல்விப் பாடங்களை முதலில் முடிக்கச் சொன்னார்கள், அதனால் அவற்றையே நிறைய எடுத்தேன். இயற்பியலை மேஜராக, அதாவது முதன்மைப் பாடமாக எடுத்து, பெர்க்லி, யு.சி.எல்.ஏ., டேவிஸ், சான்டா குரூஸ் நான்கிலும் வரும் நவம்பரில் விண்ணப்பித்து, அடுத்த இலையுதிர் பருவத்தில் சேர நினைக்கிறேன். இப்போது ஒரு நண்பர், 2ஏ கணக்கில் வராது, 4ஏ-தான் வேண்டும் என்கிறார். உண்மையா? இரண்டே வருடத்தில் போய்விட முடியுமா? கால்குலஸ் 2-ஐத் திரும்ப எடுக்கலாமா? கட்டுரையில் என்ன எழுதுவது? (இலையுதிர் பருவத்துக்கு 4ஏ-வில் காத்திருப்போர் பட்டியலில் ஆறாவதாக இருக்கிறேன்.)

பதில்: உங்கள் நண்பர் சொல்வது சரி. இயற்பியல் மேஜருக்குக் கால்குலஸ் அடிப்படையிலான 4ஏ, 4பி, 4சி என்ற தொடர்தான் வேண்டும். இரண்டு வருடத்தில் போக முடியுமா என்றால், இயற்பியல் மேஜராக முடியாது. மூன்றாவது வருடம் தேவைப்படும். ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன். அது புரிந்துவிட்டால் மற்ற கேள்விகளில் பாதிக்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்வீர்கள்.

நீங்கள் சொல்லும் நான்கும் யு.சி. எனப்படும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகங்கள். கம்யூனிட்டி காலேஜிலிருந்து யு.சி.க்கு டிரான்ஸ்ஃபர் ஆக, அதாவது மாறிச் சேர, 60 செமஸ்டர் யூனிட் வேண்டும் என்பதை எல்லோரும் சொல்வார்கள். அதனால் மாணவர்கள் யூனிட்டை எண்ணுகிறார்கள். பொருளாதாரத்துக்கோ வரலாற்றுக்கோ அந்தக் கணக்கு ஓரளவு போதும். இயற்பியலுக்குப் போதாது. இங்கே பாடங்கள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டவை. கால்குலஸ் 1 முடியாமல் 4ஏ கிடைக்காது, 4ஏ முடியாமல் 4பி கிடைக்காது, 4பி முடியாமல் 4சி கிடைக்காது. ஒரு செமஸ்டரில் ஒரு படிதான் ஏறலாம். கையில் 80 யூனிட் இருந்தாலும் அந்தப் படிகளைத் தாண்டிக் குதிக்க வழியில்லை. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, ‘எத்தனை யூனிட் வைத்திருக்கிறேன்’ என்பது அல்ல. ‘4சி எந்த செமஸ்டரில் முடியும்’ என்பதுதான். நீங்கள் இந்த இலையுதிரில் 4ஏ தொடங்கினால், வசந்தத்தில் 4பி, அதற்கடுத்த இலையுதிரில் 4சி. அடுத்த இலையுதிரில் சேர வேண்டுமானால் தேவையான பாடங்கள் எல்லாம் அதற்கு முந்தைய வசந்த செமஸ்டரிலேயே முடிந்திருக்க வேண்டும். உங்களுக்கு ஒரு படி குறைகிறது.

‘4ஏ, 4பி இரண்டையும் இங்கே முடித்துக்கொண்டு, 4சி-யை அங்கே போய்ப் படித்தால் என்ன?’ என்று தோன்றும். அதிகமானவர்கள் விழும் குழி இதுதான், சற்று நின்று பார்ப்போம். செமஸ்டர் முறையில் மூன்று பாடத் தொடர் நடத்தும் கல்லூரிகளில் பொதுவாக 4ஏ என்பது இயக்கவியல், 4பி என்பது மின்சாரமும் காந்தமும், 4சி என்பது வெப்பம், அலை, ஒளி, நவீன இயற்பியல். பெர்க்லியில் இதே சரக்கை வேறு மாதிரி வெட்டியிருக்கிறார்கள். அங்கே 7ஏ என்பது இயக்கவியலும் அலை இயக்கமும். 7பி என்பது வெப்பம், மின்சாரம், காந்தம். 7சி-யில் மின்காந்த அலை, ஒளியியல், சார்பியல், குவாண்டம். இப்போது உங்கள் 4ஏ, 4பி இரண்டையும் அதன்மேல் வைத்துப் பாருங்கள். 7ஏ-வுக்கு அலை இயக்கம் குறைகிறது, அது உங்கள் 4சி-யில் இருக்கிறது. 7பி-க்கு வெப்பம் குறைகிறது, அதுவும் 4சி-யில். பத்து யூனிட் இயற்பியல் படித்தும் பெர்க்லியின் எந்த ஒரு பாடமும் முழுதாக நிறைவேறவில்லை. அதனால்தான் எந்தப் பாடம் எதற்குச் சமம் என்று பல கல்லூரிகள் பல்கலைக்கழகத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில் ‘4ஏ மற்றும் 4பி மற்றும் 4சி’ என்று மொத்தமாகக் கட்டி, அந்தக் கட்டு முழுவதும் ‘7ஏ, 7பி, 7சி’க்குச் சமம் என்று போட்டிருப்பார்கள். கட்டைப் பிரித்தால் மதிப்பில்லை.

டேவிஸ் இன்னொரு விதம். 9ஏ இயக்கவியல், 9பி-யில் பாய்மம், அலை, வெப்பம், ஒளி, 9சி மின்காந்தம், 9டி நவீன இயற்பியல். ஒரே ஆட்டை நான்கு கசாப்புக் கடைக்காரர்கள் நான்கு விதமாக வெட்டுவது போல. முழு ஆடு உங்களிடம் இருந்தால் எந்தக் கடையிலும் கணக்கு நேராகும்.

இந்தக் கணக்கைப் பார்க்கும் இடம் அசிஸ்ட் டாட் ஆர்க் என்ற தளம். கலிஃபோர்னியாவின் பொதுக் கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் இடையிலான பாட ஒப்பந்தங்களின் அதிகாரபூர்வ இருப்பிடம் அது. உங்கள் கல்லூரியையும் போக வேண்டிய வளாகத்தையும் கொடுத்து, ‘மேஜர் வாரியாக’ என்பதில் இயற்பியலைத் தேர்ந்தெடுங்கள். துறை வாரியான பட்டியலைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது எந்தப் பாடத்துக்கு எது இணை என்று மட்டும்தான் சொல்லும், மேஜருக்கு எது கட்டாயம் என்று சொல்லாது. நான்கு வளாகங்களுக்கும் நான்கு பக்கம் அச்செடுத்து, ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். ‘மற்றும்’ என்று வரும் இடங்களை எல்லாம் வட்டமிடுங்கள். இயற்பியலில் மட்டுமல்ல, கணிதத்திலும் வரும். பெர்க்லியின் கணிதம் 54 என்பது நேரியல் இயற்கணிதமும் வகைக்கெழுச் சமன்பாடும் சேர்ந்த ஒரே பாடம். உங்கள் கல்லூரியில் அவை தனித்தனி என்றால் இரண்டையும் முடித்தால்தான் அந்த ஒன்று நிறைவேறும். பக்கத்தின் மேலே கல்வியாண்டு போட்டிருக்கும், அதையும் கவனியுங்கள். ஒப்பந்தங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், ஆகவே நீங்கள் பார்த்த ஆண்டின் கோப்பைச் சேமித்து வைப்பது நல்லது.

பட்டியலில் ஒரு பாடத்துக்கு எதிரே ‘இணைப் பாடம் இல்லை’ என்றிருந்தால் பதற வேண்டாம். உங்கள் கல்லூரியில் அதற்குச் சமமாக ஏற்கப்பட்ட பாடம் இல்லை என்று அர்த்தம். நிரலாக்கம், வேதியியல் இரண்டையும் மட்டும் வளாகவாரியாகப் பாருங்கள். ஒரு வளாகம் கேட்கும், இன்னொன்று பேசவே பேசாது.

இனி 2ஏ. அது அல்ஜிப்ரா அடிப்படையிலான இயற்பியல். உயிரியல், மருத்துவம் சார்ந்த மேஜர்களுக்காக ஏற்பட்டது. இயற்பியல் மேஜருக்கு அது எண்ணப்படாது. அதோடு முடிந்தால் பரவாயில்லை, இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 2ஏ-வும் 4ஏ-வும் ஒரே பொருளைத் தொடுவதால், இரண்டும் எடுத்தால் ஒரு தொடருக்கு மட்டுமே யு.சி. யூனிட் கொடுக்கும். ஆகவே 4ஏ எடுத்த நாளில் 2ஏ-வின் 4 யூனிட் கரைந்துவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 31 என்று நீங்கள் எழுதியிருப்பது அப்போது யு.சி. கணக்கில் 27. இந்த வசந்தத்தில் எடுத்தது வீண் என்று வருந்த வேண்டியதில்லை. விசை வரைபடம் போடும் பழக்கம் வந்திருக்கும், 4ஏ-வின் முதல் மாதம் இலகுவாக இருக்கும். ஆனால் 2பி-க்குப் பதிவு செய்திருந்தால் இன்றே விலகிவிடுங்கள். 2ஏ-வையும் 4பி-யையும் ஒட்டுப்போட முடியாது.

பிளஸ் டூ இயற்பியலுக்குக் கல்லூரிக் கிரெடிட் கிடைக்குமா என்று உங்கள் கடிதத்தில் கேட்கவில்லை, ஆனால் வீட்டில் கேட்பார்கள். கிடைக்காது. விண்ணப்பத்தில் பள்ளி விவரத்தையும் மதிப்பெண்ணையும் மட்டும் சான்றிதழில் இருப்பது இருக்கிறபடி பதிய வேண்டும். அமெரிக்க முறைக்கு நீங்களாக மாற்றிப் போடக் கூடாது. ஊரில் ஏதாவது கல்லூரியில் ஒரு மாதம் சேர்ந்து படித்துவிட்டு விட்டிருந்தாலும் அதையும் சொல்லியாக வேண்டும். மறைத்தால் பின்னால் அனுமதியே ரத்தாகலாம்.

கால்குலஸ் 2-ல் வாங்கிய பி-யைத் திரும்ப எழுத முடியாது. கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்களில் டி, எஃப் போன்ற தேறாத கிரேடு வாங்கிய பாடத்தைத்தான் பொதுவாகத் திரும்ப எடுக்க விடுவார்கள். அந்த பி ஒன்றும் உங்களைக் கவிழ்க்காது. அதைவிட முக்கியம், அந்தப் பாடத்தில் எது கைக்கு வரவில்லை என்பது. அநேகமாக முடிவிலாத் தொடராக இருக்கும், பெரும்பாலோருக்கு அங்கேதான் சறுக்கும். ஒருங்குமா ஒருங்காதா என்ற சோதனைகளை மறந்தாலும் பாதகமில்லை. டெய்லர் விரிவை மட்டும் மறக்கக் கூடாது. மேல்நிலை இயற்பியலில், அதாவது பல்கலைக்கழகத்தின் கடைசி இரண்டு ஆண்டுப் பாடங்களில், பாதி வேலை, ஒரு சிக்கலான கோவையை விரித்து, முதல் இரண்டு உறுப்பை வைத்துக்கொண்டு மீதியைத் தூக்கிப்போடுவதுதான். இந்தக் கோடையிலேயே சைன், கொசைன், அடுக்குக்குறி, இருபடி மூலம் ஆகியவற்றின் விரிவுகளை மனப்பாடமாக அல்ல, எழுதி வருவித்துப் பழகுங்கள்.

சரி, மூன்று வருடத் திட்டம். இந்த இலையுதிரில் 4ஏ, கால்குலஸ் 3, ஆங்கிலக் கட்டுரைப் பாடம் ஒன்று. வசந்தத்தில் 4பி, நேரியல் இயற்கணிதம், பைத்தான் அல்லது சி நிரலாக்கம். அடுத்த இலையுதிரில் 4சி, வகைக்கெழுச் சமன்பாடு, ஒரு பொதுக்கல்விப் பாடம். அந்த செமஸ்டரில்தான் விண்ணப்பம். கடைசி வசந்தத்தில் வேதியியல், மீதிப் பொதுக்கல்வி. உங்கள் கல்லூரியில் நவீன இயற்பியல் 4டி என்று தனியாக நடந்தால் அதுவும் அப்போதுதான். இந்த வரிசை ஏதோ அழகுக்காகப் போட்டதல்ல. 4பி-யில் மூன்றாவது நான்காவது வாரமே காஸ் விதி வந்துவிடும். ஒரு மூடிய பரப்பின் மேல் மின்புலத்தைத் தொகையிட வேண்டும். கால்குலஸ் 3-ல் பரப்புத் தொகை வருவது செமஸ்டரின் கடைசி வாரங்களில். இரண்டையும் சேர்த்து எடுத்தவர், என்ன செய்கிறோம் என்று தெரியாமலே பத்து வாரம் கோளத்துக்கும் உருளைக்கும் விடையை ஒப்பித்துக்கொண்டிருப்பார். கால்குலஸ் 3-ஐ 4ஏ-வோடு முடித்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

ஒரு செமஸ்டரில் ஓர் இயற்பியல், ஒரு கணிதம், மூன்றாவதாக இலேசான ஒன்று. இதற்கு மேல் ஏற்றாதீர்கள். 4ஏ ஐந்து யூனிட் என்று காகிதத்தில் இருக்கும். வகுப்பும் ஆய்வகமுமாக வாரத்துக்கு ஏழெட்டு மணி நேரம் போகும், கணக்குப் போட அதைப்போல ஒன்றரை மடங்கு வேண்டும். கடையில் வாரம் 25 மணி நேரம் வேலை பார்த்துக்கொண்டு இதைச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் முதல் இடைத்தேர்வுக்குப் பிறகு எந்தப் பாடத்தை விடுவது என்று அவர்கள் யோசிக்கும் நிலை வரும். விலகினால் சான்றிதழில் டபிள்யூ விழும். ஒரு டபிள்யூ ஒன்றும் செய்யாது, ஆனால் 4ஏ-வில் விழுந்தால் தொடர் முழுவதும் ஒரு செமஸ்டர் பின்னால் போகிறது. மேஜர் பாடம் எதையும் கிரேடு இல்லாமல் ‘தேர்ச்சி’ முறையில் எடுக்கவே கூடாது.

மூன்றாவது வருடம் என்றதும் வீட்டில் முகம் சுருங்கலாம். கலிஃபோர்னியாவாசிக்குக் கம்யூனிட்டி காலேஜில் யூனிட்டுக்கு 46 டாலர். இரண்டு செமஸ்டரில் 24 யூனிட் எடுத்தால் 1,104 டாலர், அதோடு சில்லறைக் கட்டணங்கள். குறைந்த வருமானக் குடும்பம் என்றால் அந்த 46 டாலரையே தள்ளுபடி செய்யும் உதவியும் உண்டு. யு.சி.யில் கூடுதலாக ஓர் ஆண்டு தங்க நேர்ந்தால் கல்விக் கட்டணம் மட்டும் இதைப்போலப் பத்து மடங்குக்கு மேல். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்கள். கீழ்நிலைத் தொடரைப் பாதியில் விட்டுப் போனவர் அங்கே முதல் ஆண்டு முழுவதும் அதையே படிப்பார், மேல்நிலைப் பாடம் இரண்டாம் ஆண்டுதான் தொடங்கும், பட்டம் மூன்றாம் ஆண்டு. இங்கே மிச்சப்படுத்திய வருடத்தை அங்கே அதிக விலைக்கு வாங்குகிறோம்.

‘யூனிட் அதிகமாகிவிட்டால் யு.சி. எடுத்துக்கொள்ளாது’ என்று ஒரு வதந்தி எல்லாக் கல்லூரிகளிலும் சுற்றும். கம்யூனிட்டி காலேஜில் மட்டுமே படித்தவருக்கு 70 செமஸ்டர் யூனிட் வரை பட்டக் கணக்கில் சேரும். அதற்கு மேல் படித்ததில் யூனிட் சேராது, ஆனால் பாடம் படித்ததாக ஏற்பார்கள். அதனாலேயே அனுமதி மறுக்க மாட்டார்கள்.

பொதுக்கல்விக்கு வருவோம். 2025 இலையுதிர் முதல் கால்-கெட்சி என்ற புதிய வடிவம் நடப்பில் இருக்கிறது. அதை முதலில் முடிக்கச் சொன்னது பொதுவான அறிவுரை, பெரும்பாலான மேஜர்களுக்குப் பொருந்தும். இயற்பியலில் வரிசை தலைகீழ். யு.சி.யே அறிவியல், பொறியியல் மாணவர்களிடம் மேஜர் தயாரிப்பை முதலில் பார் என்றுதான் சொல்கிறது. பொதுக்கல்வியில் ஒன்றிரண்டு பாடம் மீதம் வைத்துப் போய் அங்கே முடிக்கலாம், 4சி-யை அப்படி மீதம் வைக்க முடியாது. ஆனால் தள்ளிப்போடவே கூடாத சில உண்டு. ஆங்கிலக் கட்டுரைப் பாடம் இரண்டு, கல்லூரிக் கணிதம் ஒன்று, வேறு துறைகளில் நான்கு என்று ஏழு பாடம் யு.சி.யின் அடிப்படைத் தகுதி. இந்த ஏழில் இரண்டாவது ஆங்கிலப் பாடத்தைத்தான் அறிவியல் மாணவர்கள் கடைசிவரை இழுத்துக்கொண்டு போவார்கள். அந்தக் கடைசி வசந்தத்தில் வகுப்பு நிரம்பிவிட்டால், இயற்பியலில் எத்தனை ஏ வாங்கியிருந்தாலும் தகுதியே இல்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். அதனால்தான் அதை இந்த இலையுதிரிலேயே போட்டேன்.

அடுத்த ஆண்டின் தேதிகளை இப்போதே நாட்காட்டியில் குறியுங்கள். ஆகஸ்ட் 1-ல் யு.சி. விண்ணப்பப் படிவம் திறக்கும். அக்டோபர் 1-லிருந்து நவம்பர் 30 வரை சமர்ப்பிக்கலாம், வார இறுதியில் விழுந்தால் ஓரிரு நாள் தள்ளும். கடைசி இரவுக்காகக் காத்திருக்க வேண்டாம். வளாகம் ஒன்றுக்கு 80 டாலர், வருமானம் குறைவு என்றால் நான்கு வளாகம் வரை கட்டண விலக்கு கேட்கலாம். ஜனவரி 31-க்குள் இலையுதிர் கிரேடுகளையும் வசந்தத் திட்டத்தையும் புதுப்பித்துப் பதிய வேண்டும். இதை மறந்து அனுமதியை இழப்பவர்கள் ஆண்டுதோறும் உண்டு. அனுமதி வந்தபின் வசந்தத்தில் ஒரு பாடத்தைச் சொல்லாமல் விட்டுவிடுவதும் அதே கதியில் முடியும். விட நேர்ந்தால் உடனே வளாகத்துக்குத் தெரிவியுங்கள்.

இதற்கு முன்னால், செப்டம்பர் 1 முதல் 30 வரை ‘டேக்’ எனப்படும் உறுதி அனுமதித் திட்டம். ஆறு வளாகங்கள் இதில் இருக்கின்றன: டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ இல்லை. ஒரே ஒரு வளாகத்துக்குத்தான் போட முடியும். உங்கள் பட்டியலில் டேவிஸ், சான்டா குரூஸ் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அந்த ஆண்டின் டேக் பட்டியலில் இயற்பியலுக்குக் கேட்கும் ஜி.பி.ஏ.-வையும் பாடங்களையும் பார்த்து முடிவு செய்யலாம். டேக் போட்டுவிட்டோம், இடம் உறுதி என்று நவம்பர் விண்ணப்பத்தை விட்டுவிடாதீர்கள். டேக் என்பது விண்ணப்பம் அல்ல. அந்த வளாகத்துக்கு நவம்பரிலும் தனியாக விண்ணப்பித்தால்தான் அந்த உறுதி செல்லும். மற்ற வளாகங்களுக்கும் தாராளமாக விண்ணப்பிக்கலாம்.

உங்கள் பட்டியலில் கால் ஸ்டேட் (கலிஃபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி என்ற இன்னொரு பொது அமைப்பு) வளாகம் ஒன்றுகூட இல்லை. சான் ஓசே ஸ்டேட்டையாவது சேருங்கள். டிரான்ஸ்ஃபருக்கென்றே உள்ள இயற்பியல் அசோசியேட் பட்டத்தை (கம்யூனிட்டி காலேஜ் தரும் இரண்டாண்டுப் பட்டம்) உங்கள் கல்லூரி கொடுத்தால், அதை முடித்தவருக்குக் கால் ஸ்டேட் அமைப்பில் எங்காவது ஓர் இடம் உறுதி, அங்கே மேற்கொண்டு 60 யூனிட்டில் பட்டம். சிறிய வகுப்பு, பேராசிரியரோடு நேராக ஆய்வு என்பதற்காக அதையே முதல் விருப்பமாக வைப்பவர்களும் உண்டு. அதைக் குறைவாக நினைக்க ஒன்றுமில்லை.

கட்டுரை. டிரான்ஸ்ஃபர் மாணவருக்கு ஒரு கேள்வி கட்டாயம், மீதி ஏழில் மூன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஒவ்வொன்றும் 350 சொல்லுக்குள். அந்தக் கட்டாயக் கேள்வியே, உங்கள் மேஜருக்கு எப்படித் தயாராகியிருக்கிறீர்கள், மேல்நிலைப் பாடங்களைத் தாங்குவீர்களா என்பதுதான். ‘மொட்டை மாடியில் படுத்து நட்சத்திரங்களைப் பார்த்தபோதே’ என்று தொடங்கும் கட்டுரைகள் மூட்டை மூட்டையாக வருகின்றன. படிப்பவருக்கு அதிலிருந்து ஒன்றும் தெரிவதில்லை. நீங்கள் செய்த ஒரு வேலையை எண்ணோடு காட்டுங்கள்.

ஒரு மாதிரி காட்டுகிறேன். பிளஸ் டூ செய்முறையில் சூத்திரத்தில் எண்ணைப் போட்டு, விடை புத்தகத்தோடு ஒத்துவந்தால் முழு மதிப்பெண். இங்கே ஆய்வகத்தில் கேட்பது வேறு: உன் அளவீட்டில் எவ்வளவு ஐயம், அதைக் கொண்டு என்ன சொல்ல முடியும்? தனி ஊசலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் நூலுக்குச் சிறு வீச்சில் அலைவு நேரம் 2.007 நொடி. வீச்சு பெரிதானால் அந்த நேரம் சற்றுக் கூடும். வீச்சு 20 டிகிரி என்றால், ரேடியனில் 0.349. அதன் வர்க்கத்தைப் பதினாறால் வகுத்தால் 0.0076. அதாவது அலைவு நேரம் முக்கால் சதவீதம் கூட வேண்டும், 2.022 நொடி. கைக்கடிகாரத்தை அழுத்துவதில் 0.2 நொடி முன்பின் ஆகும் என்றால், ஒரே ஓர் அலைவை அளந்து இந்த 0.015 நொடியைப் பிடிக்கவே முடியாது. இருபது அலைவை ஒன்றாக அளந்தால் 40.14 நொடிக்கும் 40.45 நொடிக்கும் இடையே 0.31 நொடி வித்தியாசம். இப்போது தெரிகிறது, ஆனால் மயிரிழையில். ஐந்து தடவை திரும்ப அளந்து சராசரி எடுத்தால் ஐயம் 0.09 நொடிக்கு இறங்கும், அப்போது உறுதியாகச் சொல்லலாம். அப்படியும் கிடைத்த வித்தியாசம் 0.31-ஐவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஏன்? இருபது அலைவுக்குள் காற்றும் முடிச்சும் வீச்சைக் குறைத்துவிடுகின்றன, கடைசி அலைவு 20 டிகிரியில் இல்லை. இவ்வளவையும் நீங்களே செய்து பார்த்து ஒரு பத்தியில் எழுதினால், வாசிப்பவருக்குச் சந்தேகமே இருக்காது. இதே கணக்கைக் காப்பியடிக்க வேண்டாம், 4ஏ, 4பி ஆய்வகத்தில் உங்கள் கையில் எது சரியாக வரவில்லையோ அதை எழுதுங்கள்.

பைத்தான் பாடத்தையும் வெறும் யூனிட்டுக்காக எடுக்காதீர்கள். ஒரு சுருள்வில்லில் ஆடும் பொருளைக் கணினியில் ஓட்டிப் பாருங்கள். கோண அதிர்வெண் 1, நேர அடி 0.01 நொடி. பழைய திசைவேகத்தைக் கொண்டு இடத்தையும், பழைய இடத்தைக் கொண்டு திசைவேகத்தையும் புதுப்பித்தால், ஒவ்வோர் அடியிலும் மொத்த ஆற்றல் 1.0001 மடங்காகும். பார்க்க ஒன்றுமில்லாதது போல இருக்கும். பத்தாயிரம் அடி, அதாவது நூறு நொடி ஓடவிட்டால் ஆற்றல் 2.7 மடங்காகி நிற்கும். உராய்வே இல்லாத வில், யாரும் தள்ளாமலே வீச்சைக் கூட்டிக்கொண்டு போகும். நிரலில் பிழை தேடி மண்டையை உடைத்துக்கொள்வீர்கள். பிழை எழுத்தில் இல்லை, முறையில். திசைவேகத்தை முதலில் புதுப்பித்து, அந்தப் புதிய திசைவேகத்தைக் கொண்டு இடத்தைக் கணக்கிட்டால் போதும், ஆற்றல் சிறு எல்லைக்குள் ஏறி இறங்கி நிற்கும். மேலே போனபின் கணினி இயற்பியலில் இது முதல் வாரப் பாடம், இங்கேயே பட்டுத் தெரிந்துகொள்வது மலிவு.

கிரீன் கார்டு இருப்பதால் உங்களுக்கு இன்னொரு வாசலும் திறந்திருக்கிறது. அமெரிக்க எரிசக்தித் துறை தன் தேசிய ஆய்வகங்களில் கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்கென்றே ‘சி.சி.ஐ.’ என்ற ஊதியத்துடன் கூடிய பயிற்சி நடத்துகிறது. கோடையில் பத்து வாரம். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டுமே விண்ணப்பிக்கலாம், ஜி.பி.ஏ. 3.0 வேண்டும். இயற்பியல் மாணவருக்கு ஏற்ற வேலை அங்கே நிறைய. 4ஏ ஆசிரியரிடம் பரிந்துரை கேட்க வேண்டியிருக்கும், ஆகவே அவருடைய அலுவலக நேரத்தில் செப்டம்பரிலிருந்தே தலைகாட்டுங்கள். யு.சி. விண்ணப்பத்துக்குப் பரிந்துரைக் கடிதம் பொதுவாகக் கேட்க மாட்டார்கள், ஆனால் இதற்கெல்லாம் வேண்டும்.

சேர்ந்தபின் வரும் அதிர்ச்சியைப் பற்றி ஒரு வார்த்தை. பெர்க்லியும் மெர்செடும் செமஸ்டர் முறை. டேவிஸ், லாஸ் ஏஞ்சலஸ், சான்டா குரூஸ் குவார்ட்டர் முறை, பாடம் நடப்பது பத்தே வாரம். முதல் இடைத்தேர்வு மூன்றாம் நான்காம் வாரத்தில் வந்து நிற்கும். செமஸ்டருக்குப் பழகிய உடம்பு அப்போதுதான் புத்தகம் வாங்கியிருக்கும். முதல் பருவத்தில் மேல்நிலை இயற்பியல் இரண்டுக்கு மேல் எடுக்காதீர்கள். கலப்பெண், ஐகன் மதிப்பு, கோள ஆயங்களில் பரவல் (டைவர்ஜென்ஸ்), சுழல் (கர்ல்) ஆகிய நான்கும் கையில் இருந்தால் இயக்கவியலும் மின்காந்தமும் வேகமாக ஓடினாலும் பின்னால் ஓடலாம்.

கடைசியாக, நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டது. அதுதான் எல்லாவற்றிலும் அவசரம். ஆறாவது இடம் மோசமில்லை, கட்டணம் கட்டாதவர்களும் முதல் நாள் வராதவர்களுமாகச் சிலர் கழிவார்கள். முதல் வகுப்புக்கும் முதல் ஆய்வகத்துக்கும் கட்டாயம் போங்கள், பட்டியலில் பெயர் இருந்தும் வராதவரை நீக்கிவிடுவார்கள். வகுப்பு தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது ஆசிரியருக்கு நான்கு வரியில் மின்னஞ்சல் அனுப்புங்கள்: இயற்பியல் மேஜர், கால்குலஸ் 2 முடித்தாயிற்று, இந்தத் தொடரை இப்போது தொடங்காவிட்டால் தொடர் முழுவதும் ஒரு செமஸ்டர் தள்ளிப்போகும், சேர்ப்பு எண் (நிரம்பிய வகுப்பில் பதிய ஆசிரியர் தரும் எண்) கிடைக்குமா என்று. எண் கொடுத்தால் அன்றைக்கே பதியுங்கள், அதற்கு ஆயுள் குறைவு. ஆய்வக மேசைக்கு இத்தனை பேர்தான் என்ற கணக்கு இருப்பதால், ஆசிரியர் மனசு வைத்தாலும் முடியாமல் போகலாம். அதனால் பக்கத்துக் கல்லூரியின் கால அட்டவணையையும் திறந்து வையுங்கள். அங்கே 4ஏ எடுப்பதாக இருந்தால், அந்தக் கல்லூரியின் பெயரிலும் அசிஸ்ட் பக்கத்தைப் பார்த்து, அவர்களுடைய தொடர் மூன்றா நான்கா என்று எண்ணிக்கொள்ளுங்கள். அவர்களுடையது நான்கு பாடமாக இருந்தால், 4ஏ-வை அங்கே முடித்து 4பி-க்கு உங்கள் கல்லூரிக்குத் திரும்பும்போது நடுவில் ஒரு துண்டு விட்டுப்போகும். அந்த நிலையில் தொடர் முழுவதையும் அங்கேயே முடியுங்கள், கணிதத்தை இங்கே வைத்துக்கொள்ளலாம்.